பெல்லோ நீரிணை: தேடலில் திறந்த வாயில்

வட அமெரிக்கப் பெருநிலம் வடக்கே முடிவுறும் இடம் பூத்தியா தீபகற்பத்தின் முனையாகும். அதற்கு எதிரே கிடப்பது சாமர்செட் தீவு. இரண்டிற்கும் இடையே, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஓடும் ஒடுங்கிய கடல்வழியே பெல்லோ நீரிணை. அதன் அகலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி மூடிக் கிடக்கும் அவ்விடத்தில் ஓதநீர் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவு விரைந்தோடுவதும் உண்டு.

1829ஆம் ஆண்டில் ஜான் ராஸ் இதன் கிழக்கு வாயிலருகே சென்றார். விரிகுடா என்று கருதிப் பெயரிட்டு அப்பால் போனார். வடமேற்குக் கடல்வழி தேடி வந்தவர் கண்ணுக்கே அவ்வழியின் ஒரு வாயில் புலப்படவில்லை.

1845இல் அதே வழியைத் தேடிச் சென்ற ஜான் ஃபிராங்கிளினும் அவர் குழுவினரும், ஆக 129 பேர், மீளவில்லை. அவர்களைத் தேட ஃபிராங்கிளினின் மனைவி ஜேன் அம்மையார் 1851இல் 'பிரின்ஸ் ஆல்பர்ட்' என்னும் கப்பலை அனுப்பினார். தலைவர் வில்லியம் கென்னடி, கிரீ இனத் தாயின் மகன். ஜோசப் ரெனே பெல்லோ என்ற பிரெஞ்சுக் கடற்படை இளைஞர் தாமே விரும்பி அவருடன் சேர்ந்தார். 1852ஆம் ஆண்டு வசந்தத்தில் பனிச்சறுக்கு வண்டியோடு சென்ற இருவரும் இந்நீரிணையைக் கண்டனர். ஆயினும், தெற்கே திரும்பாது மேற்கே சென்றமையால், தேடியவரைக் காணவில்லை. மறு ஆண்டில் மீண்டும் தேடச் சென்ற பெல்லோ, வெலிங்டன் கால்வாயில் பனிக்கட்டி பிளந்தபோது மறைந்தார். அவருக்கு அப்போது வயது 27.

1858இல் மெக்ளின்டாக் 'ஃபாக்ஸ்' கப்பலுடன் இந்நீரிணையைக் கடக்கப் பன்முறை முயன்றார். மேற்கு வாயிலில் பனி தடுத்தது. கிழக்குப் பக்கத்திலேயே குளிர்காலத்தைக் கழித்து, அங்கிருந்து வண்டிகளில் தெற்கே ஆட்களை அனுப்பினார். 1859இல் கிங் வில்லியம் தீவில் ஹாப்சன் ஒரு தாளைக் கண்டெடுத்தார். ஃபிராங்கிளின் 1847 சூன் 11இல் இறந்ததையும், எஞ்சிய 105 பேர் 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டதையும் அது அறிவித்தது.

1937இல் 'அக்லாவிக்' என்னும் சிறு கப்பல் மேற்கிலிருந்து இந்நீரிணையைக் கடந்து வந்து, கிழக்கிலிருந்து வந்த 'நாஸ்கோப்பி' கப்பலைச் சந்தித்தது. அவ்வாண்டே ஹட்சன் விரிகுடா நிறுவனம் அங்கு அமைத்த ஃபோர்ட் ராஸ் வணிக நிலையம், பனியால் பொருள்கள் வந்து சேராமையின் 1948இல் மூடப்பட்டது.

வழி தேடியவர் கடந்து போனதை, மனிதரைத் தேடியவர் கண்டனர். புகழ் நாடி வந்தவர் பெயரன்று, பிறர் துயர் துடைக்க வந்த ஓர் அயலவன் பெயரே அந்நீரின்மீது நிலைத்திருக்கிறது. நிலவரைபடத்தில் ஒரு சிறு கோடு அது. ஒரு மனைவியின் காத்திருப்பும் ஓர் இளைஞனின் உயிரும் அக்கோட்டிற்கு விலையாயின.