ஹாஃப் கிளட்ச்: ஒரு தேய்மானத்தின் வரலாறு

இந்த எபிசோட் ஒரு வாசனையில ஆரம்பிக்குது. கருகின நகம், எரிஞ்ச ரப்பர், ரெண்டும் கலந்த மாதிரி ஒரு நாத்தம். கிளட்ச் கருகினா வர்ற அந்த வாசனை தெரிஞ்சவங்க இப்பவே மூக்கைச் சுளிச்சிருப்பீங்க.

போன மழைக்காலத்துல ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில மேம்பாலத்து ஏற்றத்துல மாட்டிக்கிட்டேன். நாற்பது நிமிஷம். முன்னாடி வண்டி ஒரு அடி நகர்ந்தா நானும் ஒரு அடி. பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சு, வண்டி பின்னால உருளாம அப்படியே 'பேலன்ஸ்' பண்ணிட்டிருந்தேன். அதை ஒரு திறமைன்னு வேற நினைச்சேன். அடுத்த வாரம் ஐந்தாவது கியர்ல மிதிச்சா சத்தம் ஏறுது, வேகம் ஏறலை.

மெக்கானிக் அண்ணா கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டைக் கையில எடுத்தார். "எத்தனை ஓடியிருக்கு தம்பி?"

"முப்பத்தெட்டாயிரம்ணா."

"ஒழுங்கா ஓட்டினா லட்சம் தாண்டும். பிரேக்ல நிறுத்த வேண்டிய வண்டியை நீங்க கிளட்ச்ல நிறுத்துறீங்க." சொல்லிட்டு, ஏர் ஹோஸை எடுத்து உள்ளே இருந்த கறுப்புத் தூசியை ஊதினார். ஊதுறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க" என்றார். அவர் மட்டும் தள்ளி நிக்கலை.

பில் பதினோராயிரத்துச் சொச்சம். அது மறந்துபோச்சு. அந்தத் தூசி மறக்கலை. அதனால இந்த எபிசோட் கிளட்சைப் பத்தி, மைலேஜைப் பத்தி, கடைசியா அந்தத் தூசியைப் பத்தி.

கிளட்ச் எதுக்கு வேணும்?

ரயில் நீராவி எஞ்சினுக்குக் கிளட்ச் கிடையாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் கிடையாது. இரண்டுமே பூஜ்யம் வேகத்திலிருந்து இழுக்கத் தெரிந்தவை. பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு அது முடியாது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றாவது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர் இருக்கும். எஞ்சின் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. இந்த இரண்டையும் உடைக்காமல் சேர்த்துவைக்க நடுவில் ஏதோ ஒன்று உரசியாக வேண்டும். அந்த உரசல்தான் கிளட்ச்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்றைய கிளட்ச் இல்லை. தோல் பெல்ட் ஒன்று இருந்தது. சும்மா சுற்றும் கப்பியிலிருந்து அச்சோடு பிணைந்த கப்பிக்கு அந்த பெல்ட்டைத் தள்ளினால் வண்டி நகரும். நம்ம ஊர் பழைய ரைஸ் மில்லில் பெல்ட்டைத் தள்ளிவிடுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை.

அந்த வண்டியை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியது கார்ல் இல்லை, அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, சுமார் 100 கிலோமீட்டர். இன்று நாம் 'ரேஞ்ச்' என்று கவலைப்படுகிற விஷயம் அன்றைக்கே வந்துவிட்டது. வழியில் வீஸ்லோக் என்ற ஊரில், மருந்துக் கடையில், கறை நீக்க விற்றுக்கொண்டிருந்த லிக்ராய்ன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கி ஊற்றினார். ஏற்றங்களில் வண்டி திணறியது, இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, அந்தக் கட்டைகள் மேல் தோல் அடிக்கச் சொன்னார்.

கவனிச்சீங்களா? காருக்கு வயசு ரெண்டு. அதுக்குள்ள எரிபொருள் தீர்ந்தது, கியர் போதலை, உரசுற இடம் தேய்ந்தது. அடுத்த நூறு வருஷமா நாம சமாளிச்சதும் இந்த மூணு பிரச்சினையைத்தான்.

விளக்கெண்ணெயும் முல்தானி மட்டியும்

1891 வாக்கில் பிரான்சின் பான்ஹார்ட் எ லெவாஸார் நிறுவனம், இன்றைய கார் போன்ற ஓர் அமைப்பைக் கொண்டுவந்தது. முன்னால் எஞ்சின், அதன் பின் கிளட்ச், அதன் பின் கியர், பின்சக்கரத்துக்கு ஓட்டம். அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது கூம்பு கிளட்ச். ஐஸ்கிரீம் கோனுக்குள் இன்னொரு கோனைச் செருகுவதுபோல, உள்கூம்பின் மேல் தோல் போர்த்தியிருக்கும்.

தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், வண்டி குதிரை மாதிரி துள்ளும். அதைப் பதமாக்க விளக்கெண்ணெயோ விலங்குக் கொழுப்பு எண்ணெயோ தடவுவார்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும். அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் தூவுவார்கள். அது வேற எதுவும் இல்லை, நாம முகத்துக்குப் பூசுற முல்தானி மட்டி. ஆக, அன்றைக்கு டிரைவர்னா பாதி மெக்கானிக், பாதி பியூட்டி பார்லர்!

கியர் மாற்றுவதும் இன்னைக்கு மாதிரி இல்லை. வேறு வேறு வேகத்தில் சுற்றும் பற்சக்கரங்களை நேராக மோதவிட்டால் கிர்ரென்று அரைக்கும். எனவே ஒரு கியருக்கு இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும்: நியூட்ரலுக்கு வர ஒருமுறை, இடையில் வேகத்தைச் சமன்படுத்தி அடுத்த கியர் போட இன்னொரு முறை. பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் 'டபுள் கிளட்ச்' இதுதான். 1928-இல் கேடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ், இந்தச் சமன்படுத்தும் வேலையை கியர்பாக்ஸுக்குள்ளேயே வைத்தது. மனிதரின் கால் செய்ததை ஒரு சின்ன வளையம் செய்யத் தொடங்கியது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சரி, என் பதினோராயிரம் எங்கே போச்சு? என்ஜினியரிங்ல படிச்சதுல எதுக்காவது பயன் இருக்கான்னு உட்கார்ந்து கணக்கு போட்டேன்.

நிற்கிற வண்டியைக் கிளப்பும்போது எஞ்சின் வேகம் மாறாமல் இருந்தால், கிளட்ச் வழியாகப் போகும் ஆற்றலில் பாதி வண்டிக்குப் போகும், மீதிப் பாதி பிளேட்டில் சூடாகும். நீங்க எவ்வளவு பெரிய டிரைவரா இருந்தாலும் இந்தப் பாதி போயே தீரும். 1000 கிலோ வண்டி, முதல் கியர், எஞ்சின் 1500 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். பிளேட் முழுதாகப் பிடிக்கும்போது வண்டி மணிக்கு 11 கிலோமீட்டரில் இருக்கும். பிளேட்டில் சேர்ந்த சூடு சுமார் 5 கிலோஜூல். இது நியாயமான செலவு.

இப்போ என் மேம்பாலம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், வண்டியை ஹாஃப் கிளட்சிலேயே நிறுத்திவைத்தால், வண்டி நகரவில்லை, அதனால் போகிற ஆற்றல் மொத்தமும் பிளேட்டில்தான். கணக்கு சுமார் 1500 வாட் என்று வருகிறது. வீட்டில் வெந்நீர் வைக்கிற மின்சார கெட்டில் ஒன்றை கிளட்ச் வீட்டுக்குள் ஆன் பண்ணி வைத்த மாதிரி. அரை நிமிடத்தில் 45 கிலோஜூல், அதாவது ஒன்பது முறை வண்டியைக் கிளப்பிய தேய்மானம். நான் நாற்பது நிமிஷம் 'திறமை' காட்டியிருக்கேன்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது பெட்ரோல் கணக்கு. அந்த அரை நிமிடத்துக்குக் கூடுதலாகச் செலவாகும் பெட்ரோல் 7 மில்லிலிட்டர் அளவுதான், அரை டேபிள்ஸ்பூன். ஹாஃப் கிளட்ச் உடனே பர்ஸைத் தொடாது, அதனால நமக்கு உறைக்காது. பிளேட் தேய்ந்து, ஓடும்போதே வழுக்க ஆரம்பித்த பிறகுதான் மைலேஜில் அடி விழும். எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், பெட்ரோல் எரியும், ஆனால் சக்கரம் அந்தச் சுற்றை வாங்காது. ஓடோமீட்டர் எண்ணுவது எஞ்சின் சுற்றை இல்லை, சக்கரம் போன தூரத்தை. அதனாலதான் டேங்க் அதே டேங்க், ரேஞ்ச் மட்டும் குறைகிறது.

அப்பாவின் அறிவுரை: பழைய வெர்ஷன்

மைலேஜ் ஒரு தேசிய கவலையானதற்கு ஒரு தேதி உண்டு: 1973 அக்டோபர். அரபு–இஸ்ரேல் போரை ஒட்டி எண்ணெய்த் தடை வந்தது. பீப்பாய்க்கு 3 டாலருக்கும் குறைவாக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. அமெரிக்கா 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்தது. இந்தியாவில் 1978-இல் பெட்ரோலியச் சேமிப்புக்கென்றே ஒரு ஆராய்ச்சி சங்கம் அமைந்தது. 1983-இல் மாருதி 800 வந்தது, 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தது. 'எவ்வளவு கொடுக்கும்?' என்பது நம்ம வீடுகளில் வண்டி பார்க்கும் முதல் கேள்வியானது. மணப்பொண்ணைக் கேட்கிறதுக்கு முன்னாடி மைலேஜைக் கேட்ட தலைமுறை அது.

எங்க அப்பா அந்தத் தலைமுறை. இறக்கம் வந்தால் நியூட்ரல். எனக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். கார்ப்பரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றி, அதற்கேற்பப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஆனால் 2000-ஐ ஒட்டி உமிழ்வு விதிகள் இறுக, கார்களில் ஃப்யூல் இஞ்செக்ஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது பைக்குகளிலும் கார்ப்பரேட்டர் போய்விட்டது. இஞ்செக்ஷன் காரில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டால், கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றவைக்கும். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரல் போட்டாலோ அந்தத் தொடர்பு அறுந்து, எஞ்சின் அணையாமலிருக்க மறுபடி பெட்ரோல் ஊற்ற வேண்டிவரும். எஞ்சின் பிரேக்கும் போய்விடும்.

அப்பா தப்பா சொல்லலை. அவர் படிச்சது பழைய வெர்ஷனோட டாகுமென்டேஷன். சாஃப்ட்வேர் மாறிடுச்சு, டாகுமென்டேஷனை யாரும் அப்டேட் பண்ணலை.

தூசி

இப்ப அந்த ஏர் ஹோஸுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பாதைகளில், குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்து ஓட்டுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார். பெர்த்தா பென்ஸின் அதே யோசனை. 1897-இல் அவர் உரசு பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார், அதுதான் பின்னாளில் ஃபெரோடோ. தோலும் பருத்தியும் சூட்டில் கருகின. அடுத்த சில ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்டது அஸ்பெஸ்டாஸ்: கருகாது, நூலாக நெய்யலாம், விலை மலிவு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. முல்தானி மட்டி தேவைப்படாத கிளட்ச் அப்படித்தான் கிடைத்தது.

அதே இங்கிலாந்தில், ராச்டேல் ஊரில், நெல்லி கெர்ஷா என்ற பெண் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் அஸ்பெஸ்டாஸ் இழையை நூலாக நூற்றார். நுரையீரல் கெட்டு 1924-இல், 33 வயதில் இறந்தார். நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது. அடையாளக் கல் இல்லாத ஒரு குழியில் அவரைப் புதைத்தார்கள். அவரது நோயைப் பற்றி டாக்டர் வில்லியம் குக் அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். டர்னர் குழுமம் 1920களில் ஃபெரோடோவையும் வாங்கியது. 1930-இல் வெளிவந்த அரசு அறிக்கைக்காக மெரிவெதர் பரிசோதித்த 363 அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களில், நாலில் ஒருவருக்கும் மேல் நுரையீரல் தழும்பு இருந்தது. 1931-இல் விதிமுறைகள் வந்தன. அவை ஆலைகளுக்கானவை. பிளேட் தேய்ந்து தூசியாகும் இடம், அதாவது ஒர்க் ஷாப், அந்தப் பார்வைக்குள் வரவில்லை. பிரிட்டன் அஸ்பெஸ்டாஸை முழுதாகத் தடை செய்தது 1999-இல்.

1930-க்கும் 1999-க்கும் நடுவில் 69 வருஷம். தெரியாததால் போன காலம் இல்லை இது. தெரிந்த பிறகு போனது.

இன்றைய பல பிளேட்டுகளில் கண்ணாடி இழை, அராமிட் போன்றவைதான் இருக்கின்றன. ஆனால் இந்தியாவில் வெள்ளை அஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இன்னும் இல்லை. பழைய வண்டி, பேர் தெரியாத ஸ்பேர் என்று வரும்போது, கையிலிருக்கும் தூசி எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம், தண்ணீர் தெளித்துக் கழுவலாம். இழைகளைப் பிடிக்கிற ரகத்து மாஸ்க் போடலாம், சாதாரணத் துணி அதற்குப் போதாது.

இந்த எபிசோடுக்காகப் படிச்ச பிறகு, மறுபடி அந்த ஷெட்டுக்குப் போனேன். நெல்லி கெர்ஷா கதையைச் சொன்னேன். அண்ணா டீ குடிச்சிட்டே கேட்டார். "இருபத்தஞ்சு வருஷமா ஊதிட்டிருக்கேன் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டு, "டேய், இனிமே ஊதாத, பக்கெட்ல தண்ணி வை" என்றார்.

ஹாஃப் கிளட்ச்ல நிக்காதீங்கன்னு சொன்னா, பிளேட் மிச்சமாகும், காசு மிச்சமாகும்னு இதுவரை நினைச்சேன். இப்ப இன்னொண்ணும் தோணுது. நான் மேம்பாலத்துல தேய்க்கிற ஒவ்வொரு கிராமும் எங்கேயும் போறதில்லை. அந்தக் கூண்டுக்குள்ளேயே காத்திருக்கு, யாராவது திறக்குற வரைக்கும்.

அடுத்த சிக்னல்ல ஹேண்ட் பிரேக் போடுங்க மக்களே. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.