வாசகரை வளர்த்த ஏடுகள்

ஏடு ஒன்றை அச்சிடுதல் எளிது. அதனை வாங்குவாரைத் தேடுதல் அரிது. வாங்கியவரைத் தமக்கு உரியவராக ஆக்கிக்கொள்ளுதல் அதனினும் அரிது. மலேசியத் தமிழ் இதழியலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் பினாங்குத் தீவுக்குத் தனியிடம் உண்டு.

1786இல் ஆங்கிலேயர் ஜார்ஜ் டவுனில் துறைமுகம் அமைத்தபின், சோழமண்டலக் கரையினின்று வணிகரும் தொழிலாளரும் திரளாக வந்தனர். 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் மகா மாரியம்மன் ஆலயமும் எழுந்தன. இவ்வாறு வேரூன்றிய சமுதாயத்தை நம்பி, 1883இல் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ இதழைப் பினாங்கில் வெளியிட்டார். 1887இல் ‘உலக நேசன்’, ‘இந்து நேசன்’ ஆகியனவும், 1888இல் ‘பினாங்கு விஜய கேதனன்’ என்பதும் தோன்றின. எனினும், இவற்றுள் ஒன்றேனும் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

காரணம் யாது? புலமைக்குக் குறைவில்லை, ஆர்வத்திற்கும் குறைவில்லை. ஆயின், வந்தோருட் பலர் சிலகாலம் பொருளீட்டித் தாயகம் மீள்வோராக இருந்தனர். கற்றவர் சிலரே; ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதே அக்கால வழக்கம். மேலும், ஒரு நகரத்துத் தமிழரை மட்டும் நம்பி ஓர் ஏடு உயிர்வாழ்தல் கடினம்.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து ஜொகூர் பாருவரை இருப்புப்பாதை 1909இல் இணைந்தது. தோட்டங்களும் நகரங்களும் ஒரே வாசகப் பரப்பாக ஆகக்கூடிய சூழல் உருவாயிற்று. 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பிறந்தது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசை’ நிறுவினார்.

இவ்விரு ஏடுகளும் செய்தி கூறுவதோடு அமையவில்லை. படிப்பவரை எழுதவும் வைத்தன. 1950இல் ‘தமிழ் நேசன்’ தொடங்கிய ‘கதை வகுப்பில்’ சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சிறுகதை இலக்கணத்தைப் பாடமாகக் கற்பித்தனர். வாசகர் எழுதியனுப்பிய கதைகளை ஆராய்ந்து தரம் கூறினர். 1952 முதல் 1957 வரை அவ்வேட்டில் பணியாற்றிய கு. அழகிரிசாமி இளம் எழுத்தாளரை நெறிப்படுத்தினார். ‘தமிழ் முரசின்’ மாணவர் மணிமன்றம் பள்ளிச் சிறாரின் கைகளில் எழுதுகோலைத் தந்தது. வெற்றுப் புகழ்ச்சியால் இவர்கள் வாசகரைக் கவரவில்லை. பிழையைச் சுட்டியே பிணைப்பை வளர்த்தனர்.

அப்பிணைப்பின் வலிமை விரைவில் புலப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் வேண்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்குச் சாரங்கபாணி 1950களில் வேண்டுகோள் விடுத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே கோரிக்கை. செல்வர் மட்டுமன்றி, அன்றாடம் உழைத்துண்ணும் எளியோரும் ஈந்தனர். ஓர் ஏட்டின் வாசகர் எத்துணைபேர் என்பதை விற்பனைக் கணக்குக் கூறும். அவர் உண்மை வாசகரா என்பதை இத்தகைய வேளைகளே கூறும்.

‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. ஆயினும், அதன் வகுப்பில் பயின்றோர் எழுதிய கதைகள் மலேசிய இலக்கியத்தின் அடித்தளமாக நிலைத்துள்ளன. ஏடு மறையலாம், அது வளர்த்த வாசகர் மரபு மறைவதில்லை.

இன்று முகநூலிலும் வலையொளியிலும் ஒருவர் சில நாள்களில் பல்லாயிரவரைத் திரட்டிவிட இயலும்; பின்தொடர்வோர் எண்ணிக்கையை விலைகொடுத்தும் பெறலாம். ஆனால், விலைக்குப் பெற்ற எண்ணிக்கை ஒரு மடலுக்கு மறுமொழி எழுதாது. ஒரு நற்பணிக்கு ஒரு வெள்ளியும் தாராது. கருவி புதிது, நெறி பழையது. படிப்பவரை மதித்து, அவர்தம் குரலுக்கு இடமளித்து, குறையை அன்புடன் திருத்துபவருக்கே உண்மையான வாசகர் வாய்ப்பர். பினாங்கில் முளைத்து மறைந்த ஏடுகளும் பின்னர்த் தழைத்து நின்ற ஏடுகளும் நமக்கு உணர்த்துவது இதுவே.