சக்கரத்துள் ஒரு சுமைதாங்கி

மோட்டார் வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது எது என்று கேட்டால், ரப்பர் டயர் என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். உண்மையில் ரப்பரும் அதனுள் பொதிந்த நூலிழைகளும் காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் உறை மாத்திரமே. பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது அந்தக் காற்றுதான். 1,200 கிலோகிராம் எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் சுமார் 300 கிலோகிராம் விழுகிறது என்றும், உள்ளே சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் அழுத்தம் இருக்கிறது என்றும் கொண்டால், டயர் சாலையைத் தொடும் பரப்பு விரல்களோடு விரித்த ஒரு மனிதக் கையின் அளவே ஆகும். அழுத்தம் குறையுமாயின் அப்பரப்பு விரிகிறது. டயரின் பக்கச் சுவர்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கின்றன. அதனால் பிறக்கும் உஷ்ணம் ரப்பருக்கும் நூலிழைக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சுமைதாங்கியின் நிலையை அறிய மனிதர் கையாண்ட உபாயங்களின் சரித்திரத்தை ஆராய்வோருக்கு ஓர் உண்மை விளங்கும்: டயர் அபிவிருத்தியடைந்த ஒவ்வொரு தடவையும், காற்றின் குறைவை உணர்த்தி வந்த அடையாளம் ஏதேனும் ஒன்று நம் புலன்களுக்கு எட்டாமற்போய், அதன் ஸ்தானத்தில் ஒரு கருவியை நாடும் அவசியம் நேர்ந்திருக்கிறது.

ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1847-இல் லண்டன் ரீஜென்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் அதைப் பூட்டி ஓட்டிக் காண்பித்தார். தோலுறைக்குள் ரப்பர் பூசிய துணிக்குழாயை வைத்து அமைத்த அச்சக்கரங்கள், வண்டியின் ஓசையையும் குதிரை இழுக்க வேண்டிய பாரத்தையும் ஒருங்கே குறைத்தன. ஆயினும் விலை மிகுந்த அந்தப் புதுமையை ஏற்றுக்கொள்ள அக்காலம் பக்குவப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்றுசக்கர சைக்கிளுக்காக அதே தத்துவத்தைத் தாமாகவே கண்டறிந்து 1888-இல் காப்புரிமை பெற்றார்; தாம்ஸனின் பழைய உரிமை வெளிப்பட்டதும் டன்லப்பினுடையது செல்லாததாயிற்று. அந்நாளைய சைக்கிள்காரருக்கு அழுத்தமானி வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே டயரின் நிலை அவருக்குத் தெரிந்துவிடும்.

பிரான்ஸின் மிஷலின் சகோதரர்கள் 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் சுமார் 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழிநெடுகப் பஞ்சர்களால் அல்லலுற்றாலும், மோட்டார் வாகனமும் காற்றின்மீது ஓடக்கூடும் என்பதை அவர்கள் பிரத்தியட்சமாக நிரூபித்துவிட்டனர். ஆனால் காரின் கனத்துக்கு ஈடுகொடுக்க மிகுந்த அழுத்தத்தில் காற்றடைக்க வேண்டியிருந்தமையால், தடித்த அந்த டயர் கட்டைவிரலுக்கு இணங்கவில்லை. விரல் இழந்த ஞானத்தை மீட்டுத் தந்தது அமெரிக்காவின் ஷ்ரேடர் நிறுவனம். 1893-இல் காப்புரிமை பெற்ற அதன் வால்வில், நடுவிலுள்ள சிறு ஊசியை அழுத்தினால் வழி திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். காற்றைப் பெரிதும் இழக்காமலே அதன் அழுத்தத்தை அளக்க இந்த அமைப்பு இடமளித்தது. பின்னர் 1909-ஆம் ஆண்டையொட்டி அந்நிறுவனமே பேனா வடிவில் ஓர் அழுத்தமானியை வழங்கியது. சுருள்வில்லை எதிர்த்துக் காற்றுத் தள்ளும் அளவுக்குக் கோடிட்ட குச்சியொன்று வெளியே நீளும்; எழுத்தறிந்த எந்தச் சாரதியும் அதைப் படிக்கலாம். எளிமையாலும் மலிவாலும் அந்தச் சிறு உபகரணம் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

1923-இல் பயர்ஸ்டோன் நிறுவனம் அகன்ற, குறைந்த அழுத்தமுள்ள பலூன் டயரைக் கொணர்ந்தபோது பிரயாணம் சுகமாயிற்று, கண்காணிப்போ கடினமாயிற்று. 60 ராத்தலில் 5 குறைவது சிறு நஷ்டம். 30 ராத்தலில் 5 குறைவது ஆறில் ஒரு பங்கு. அடுத்து 1940-களின் பிற்பகுதியில் மிஷலின் அறிமுகப்படுத்திய ரேடியல் டயர், பிடிப்பிலும் ஆயுளிலும் பழையதை விஞ்சிற்று. ஆனால் உரிய அழுத்தத்தில் இருக்கும்போதே அதன் பக்கங்கள் சற்றுப் புடைத்து நிற்பதால், குறைந்த டயரையும் நிறைந்த டயரையும் பார்வையால் பிரித்தறிவது அரிதாயிற்று. டியூப் இல்லாத டயரோ ஆணி குத்தியவுடன் தாழ்ந்துவிடாமல், நாட்கணக்கில் மெல்லக் கசிந்து, குறையை மறைத்தே வைத்தது.

இந்தப் போக்கின் முடிவான நிலையை 1986-ஆம் ஆண்டின் போர்ஷே 959 காரில் காணலாம். காற்றிழந்தும் சிறிது தூரம் ஓடவல்ல டயர்கள் அதற்கு வாய்த்திருந்தன. காற்றுப் போனதைச் சாரதி உணராமலே அதிவேகத்தில் செல்லும் அபாயத்தைத் தவிர்க்கச் சக்கரத்தினுள்ளேயே அழுத்தம் அறியும் சாதனம் பொருத்தப்பட்டது. அந்த அரிய வசதியைச் சகலருக்கும் உரியதாக்கியது ஒரு பெருந்துயரம். 2000 ஆகஸ்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. டயரின் அமைப்பிலிருந்த குறையோடு, காற்றுக் குறைவும் வெயிலும் வேகமும் சேர்ந்து, சாலையைத் தொடும் மேற்பட்டை பிய்ந்துவிட, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் சென்ற இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே, காற்றுக் குறைவைச் சாரதிக்கு அறிவிக்கும் அமைப்பு வாகனங்களில் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் பிறந்தது. 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் புதிய இலகுரக வாகனங்கள் யாவற்றிலும் எச்சரிக்கை விளக்கு கட்டாயமாயிற்று. ஐரோப்பா 2014-க்குள் அதே நியதியைத் தழுவியது. இந்தியாவில் 2020-இல் வந்த விதி, டியூப் இல்லாத டயரும் இத்தகைய கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் உள்ள காருக்கு ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று அனுமதித்தது.

ஆயினும் அமெரிக்க விதி அந்த விளக்கை எரியச் சொல்வது, அழுத்தம் நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்த பிறகே. 32 ராத்தல் விதிக்கப்பட்ட வாகனத்தில் 24 வரையில் அது மௌனம் சாதிக்கலாம். குறையற்ற டயரும் மாதத்துக்கு ஒரு ராத்தலளவு காற்றை இழக்கக்கூடுமாதலால், அம்மௌனம் பல மாதங்கள் நீடித்து, அத்தனை காலமும் டயரின் ஆயுளும் பெட்ரோலும் வீணாகக் கூடும். ஆகவே, மாதம் ஒருமுறையேனும், வண்டி ஓடிச் சூடேறுமுன், கதவோரத்துத் தூணில் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஒப்ப, ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களையும் அழுத்தமானியால் அளந்து பார்ப்பது ஒவ்வொரு சாரதியின் கடமை. எச்சரிக்கை விளக்கு அபாயம் நெருங்கிவிட்டதை அறிவிக்கும் இறுதிக் காவல் மாத்திரமே. அபாயம் அணுகாதபடி முன்கூட்டியே காக்கும் பொறுப்பை எந்தச் சட்டமும் நம் கையிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.