சுய மாதிரி சேகரிப்பு

கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்ற சுவாச வைரஸ் தொற்றுகளுக்கான பரிசோதனைக்கு மூக்குச்சளி, எச்சில், தொண்டை கொப்பளித்த நீர் ஆகியவற்றை நோயாளியே எடுத்துக் கொடுக்கும் முறை. காசநோய்க்கு விடியற்காலைச் சளியை டப்பாவில் பிடித்து வருவது திண்டுக்கல் வட்டாரத்துக்கும் பழகியதுதான். வைரஸ் பரிசோதனையோ கவச உடை அணிந்த பணியாளரை நம்பியிருந்தது. மூக்கின் பின்பகுதி வரை குச்சியை விட வேண்டியிருந்ததே காரணம். 2020 தொடக்கத்தில் ஹாங்காங், பல் துலக்குமுன் தொண்டையிலிருந்து காறியெடுத்த எச்சிலை மாதிரியாக ஏற்றது. டெல்லி எய்ம்ஸ், 50 நோயாளிகளிடம் கொப்பளித்த நீரைச் சோதித்துப் பார்த்தது.

நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் (நீரி) கொப்பளிப்பு முறைக்கு 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒப்புதல் கிடைத்தது. குழாயிலுள்ள உப்புக்கரைசலை வாயில் ஊற்றி, 15 விநாடி தொண்டையில் கொப்பளித்து, மேலும் 15 விநாடி வாயை அலசி, அதே குழாயில் துப்ப வேண்டும். ஆய்வகத்தில் தனிக் கரைசலுடன் கலந்து சூடாக்கினால் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ கிடைக்கும். அதைப் பிரித்தெடுக்கத் தனிக் கருவி வேண்டாம். சுமார் மூன்று மணி நேரத்தில் முடிவு தெரியும். வேடசந்தூர், நத்தம் போல ஆய்வகம் தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஏற்றது இதுதான். இதன் தொழில்நுட்பம் 2021 செப்டம்பரில் நடுவண் அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகத்துக்கு வழங்கப்பட்டது.

2021 மே 19 அன்று புணேயின் மைலேப் நிறுவனத்தின் 'கோவிசெல்ஃப்' வீட்டு விரைவு ஆன்டிஜென் பரிசோதனைக்கும் அனுமதி வந்தது. அப்போது அதன் விலை 250 ரூபாய். குச்சியை இரண்டு மூக்குத்துளைகளிலும் 2 முதல் 4 செ.மீ. வரை விட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை சுழற்ற வேண்டும். வலிக்குப் பயந்து நுனியோடு நிறுத்திவிட்டால் போதுமான மாதிரி கிடைக்காது. குழாய்க் கரைசலில் முக்கி, சோதனை அட்டையில் இரண்டு சொட்டு விட்டால் 15 நிமிடத்தில் முடிவு. 'சி' கோடு மட்டும் என்றால் தொற்று தென்படவில்லை. 'டி'யும் சேர்ந்தால் தொற்று உண்டு. 'சி' வராவிட்டால் சோதனையே செல்லாது. அட்டையைப் படமெடுத்து மைலேப் செயலியில் ஏற்றுவது பயனரின் பொறுப்பாக இருந்தது. அறிகுறி உள்ளவர்களுக்கும் தொற்றாளருடன் நேரடியாகப் பழகியவர்களுக்கும் மட்டுமே இது பரிந்துரைக்கப்பட்டது. 'டி' கோடு வந்தவருக்கு மறுசோதனை தேவைப்படவில்லை. அறிகுறி இருந்தும் அந்தக் கோடு வராதவர் ஆர்டி-பிசிஆர் என்னும் ஆய்வகச் சோதனை எடுத்தாக வேண்டியிருந்தது. 

தமிழ்நாடு அரசு விரைவு ஆன்டிஜென் சோதனையைத் தவிர்த்து ஆர்டி-பிசிஆரையே கைக்கொண்டதால், அரசு முகாம்களில் மாதிரி எடுப்பது பெரும்பாலும் பணியாளர் கையிலேயே இருந்தது.