பெயரும் இலக்கமும்: வாக்குச்சீட்டில் பெயர்த் திரிபை எண்ணும் முறை, சல்லியை முன்வைத்து ஓர் ஆய்வு

வாக்காளர் வேட்பாளரின் பெயரைத் தம் கைப்பட எழுதி அளிக்கும் வாக்கைப் பெயரெழுது வாக்கு எனலாம். அச்சிட்ட பெயர்களில் ஒன்றின் எதிரே புள்ளடி இடுவதைவிட இது வாக்காளருக்கு அதிக உரிமை தருகிறது, வாக்கெண்ணுபவருக்கு அதிகத் தொல்லையும் தருகிறது. ஒரே ஆளை மனத்தில் வைத்து நூறு பேர் எழுதினால் பெயர் பத்து விதமாக வரும். ஒருவர் முதலெழுத்தை விடுவார், ஒருவர் எழுத்தை மாற்றுவார், ஒருவர் ஊர் வழங்கும் பெயரை எழுதுவார். இவற்றில் எது வாக்கு, எது செல்லாச் சீட்டு என்பதற்குச் சட்டங்கள் கூறும் விடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பெரும்பாலும் அவை அந்தந்த மொழியின் பழக்கத்திலிருந்தே பிறந்தவை.

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்ட வழக்கு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எழுந்தது. 2010இல் தம் கட்சியின் உட்தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்ற செனட்டர் லிசா முர்கௌஸ்கி, அச்சிட்ட பட்டியலில் இடமில்லாமல், பெயரெழுது வாக்குகளை நம்பி நவம்பர்த் தேர்தலில் நின்றார். பேச்சில் ஒருவிதமாகவும் எழுத்தில் வேறுவிதமாகவும் வரும் குடும்பப்பெயர் அது. எழுத்துக்கூட்டலை நினைவூட்ட, பெயர் பொறித்த கைப்பட்டைகளை அவர் தரப்பு விநியோகித்தது. மாநிலச் சட்டமோ, வேட்புமனுவில் உள்ளபடி பெயரோ குடும்பப்பெயரோ எழுதப்பட வேண்டும், விதிக்கு விலக்கில்லை என்றது. எழுத்துப் பிழையுள்ள சீட்டுகளை நீக்கக் கோரி மில்லர் வழக்குத் தொடுத்தார். அவர் தரப்பு ஆட்சேபித்த சீட்டுகள் 8,000க்கு மேல், முர்கௌஸ்கியின் முன்னிலையோ 10,000க்கு மேல். ஆட்சேபித்த சீட்டுகள் அனைத்தையும் கழித்தாலும் முடிவு மாறாது. ஆயினும் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் கேள்வியின் சாரத்துக்கே விடை சொன்னது: வாக்காளரின் எண்ணம் சீட்டிலிருந்து விளங்குமானால், எழுத்துப் பிழையோ சுருக்கமோ வாக்கைக் கெடுக்காது.

அலாஸ்காவுக்கு இது அபூர்வமான நிகழ்வு. பிலிப்பைன்ஸுக்கு அது அன்றாடமாக இருந்தது. 2010இல் இயந்திர எண்ணிக்கை வரும்வரை அங்கே வாக்காளர் எல்லாப் பதவிகளுக்கும் பெயர்களைக் கையால் எழுதினர். ஆகவே 1985ஆம் ஆண்டின் தேர்தல் தொகுப்புச் சட்டம், 211ஆம் பிரிவில், சீட்டை மதிப்பிடும் விதிகளை நீளமாக வகுத்துள்ளது. பிழையாக எழுதிய பெயரை வாய்விட்டுப் படித்தால் சரியான பெயரின் ஒலி வருமானால் அது வாக்கு. ‘தோன்’, ‘தாத்து’ போன்ற மரியாதை அடைகள் வாக்கைக் கெடுக்கா. செல்லப்பெயர், முதற்பெயருடனோ குடும்பப்பெயருடனோ சேர்ந்து வந்தால் ஏற்கப்படும். தகுந்த காரணம் இல்லாதவரை எந்தச் சீட்டும் செல்லும் என்பதே தொடக்க நிலை.

யப்பானில் இன்றும் பெரும்பாலான தேர்தல்களில் வாக்காளர் பெயரை எழுதுகிறார். அங்கே பெயர் தவிர வேறு எதையும் எழுதினால் சீட்டு செல்லாது, எனினும் தொழில், தகுதி, வசிப்பிடம், மரியாதைச் சொல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. யப்பானிய விதிகளில் மிகவும் துணிச்சலானது பொதுப்பெயர் பற்றியது. ஒரே குடும்பப்பெயருள்ள இருவர் போட்டியிட, வாக்காளர் அதை மட்டும் எழுதியிருந்தால், அந்த வாக்குகள் இருவரும் வேறுவகையில் பெற்ற வாக்குகளின் விகிதப்படி பிரிக்கப்படும். இதனால் அந்நாட்டு முடிவுகளில் வாக்கு எண்ணிக்கை தசமப் புள்ளியோடு வெளியாவதுண்டு. 2021 பொதுத் தேர்தலில் இரண்டு கட்சிகள் ஒரே சுருக்கப்பெயரைப் பதிவுசெய்து, அந்தப் பெயருக்கு விழுந்த வாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டன. ‘யாருக்கு’ என்று தெரியாத வாக்கைக் குப்பையில் போடாமல் கணக்கில் சேர்க்கும் வழி இது. நியாயமானதா என்பது வேறு கேள்வி.

இவ்விதிகளைத் தமிழ்ப் பெயருக்குப் பொருத்திப் பார்த்தால் புதிய சிக்கல்கள் தெரிகின்றன. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த மீனவக் கிராமம் சல்லி. முத்துமாரி அம்மன் கோயிலால் அறியப்படும் ஊர். இவ்வூர் வாக்காளர் ஒருவர், அம்மாவட்டத்தை நெடுங்காலம் பிரதிநிதித்துவப்படுத்திய இராஜவரோதயம் சம்பந்தனின் பெயரை எழுத நேர்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? இரா. சம்பந்தன், ஆர். சம்பந்தன், இராசவரோதயம் சம்பந்தன், சம்பந்தன் ஐயா, சம்பந்தர் என்று பல வடிவங்கள் உடனே கைக்கு வரும். ஆங்கிலத்தில் எழுதினால் ஈழத்துப் பழக்கம் ஒரு கூட்டலைத் தரும், தமிழகப் பழக்கம் வேறொன்றைத் தரும். மெல்லெழுத்தை அடுத்த பகரத்தையும் தகரத்தையும் எந்த உரோமன் எழுத்தால் காட்டுவது என்பதில் இரு கரைகளும் ஒத்துப்போனதில்லை.

இவற்றுள் பெரும்பாலானவை பிழைகளே அல்ல. ‘சம்பந்தர்’ என்பதில் னகரம் ரகரமானது எழுத்தறியாமையால் அன்று, மரியாதையால். தமிழில் மதிப்பு, பெயரின் கடைசி எழுத்தையே மாற்றிவிடும். யப்பானிய விதி பெயருக்குப் பின்னே ஒட்டும் மரியாதைச் சொல்லை மன்னிக்கிறது, பெயருக்குள்ளேயே புகும் மரியாதையை அது எதிர்பார்க்கவில்லை. அதேபோல, ‘யாருக்கு வாக்கு?’ என்ற கேள்விக்குத் தமிழர் இயல்பாகச் சொல்லும் விடை நான்காம் வேற்றுமையில் வரும்: ‘சம்பந்தனுக்கு’. சீட்டில் இப்படி எழுதப்பட்டால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் அலாஸ்காச் சட்டத்தின் கண்டிப்பு அதை நிராகரிக்கும். ஒலியொப்பு விதியும் தடுமாறும், ஏனெனில் கூடுதலான இரண்டு அசைகள் தெளிவாகவே ஒலிக்கின்றன. மொழியறிந்த எவருக்கும் அதில் ஐயமே இல்லை. எனவே தமிழ்ச் சீட்டை மதிப்பிட ஒலி போதாது. உருபையும் மரியாதை விகுதியையும் களைந்து, எஞ்சிய பெயர் களத்தில் நிற்கும் எந்த வேட்பாளரைச் சுட்டுகிறது என்று பார்க்கும் இலக்கண விதி வேண்டும்.

அந்த விதியும் ஓரிடத்தில் நின்றுவிடும். தமிழ்ப் பெயரில் ஆளைப் பிரித்துக்காட்டும் சுமை பெரும்பாலும் முதலெழுத்தின் தலையில்தான். 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் தமிழகத்தின் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தனர். வாக்காளருக்குத் துணையாக இருந்தவை அவரது பலாப்பழச் சின்னமும் படமுமே. பெயரெழுது முறையாக இருந்திருந்தால் ‘ஓ. பன்னீர்செல்வம்’ என்று பிழையின்றி எழுதிய சீட்டுகூட அவர்களில் யாரையும் தனித்துச் சுட்டியிராது. எழுத்துப் பிழையைக் காட்டிலும் பிழையற்ற பெயரே சில வேளைகளில் பெரிய இடர்.

இலங்கை இந்தச் சிக்கலைத் தீர்க்க முயலவில்லை. பெயரை எழுதும் வேலையையே வாக்காளரிடமிருந்து எடுத்துவிட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாதோரும் வாக்காளராயினர். அதற்கேற்ப ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் தரப்பட்டு, அந்நிறப் பெட்டியில் சீட்டைப் போடும் வழக்கம் வந்தது. 1937 சென்னை மாகாணத் தேர்தலில் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டவர்கள் மஞ்சள் பெட்டியைக் காட்டிக் கேட்டதும் இவ்வகையே. இலங்கையின் 1947 தேர்தலில் நிறத்தின் இடத்துக்குச் சின்னம் வந்தது. விகிதாசார முறையின் கீழ் 1989இல் நடந்த முதல் பொதுத் தேர்தல் முதல், கட்சிக்கு ஒரு புள்ளடியும் அக்கட்சி வேட்பாளருள் மூவர் வரைக்கு விருப்பு வாக்குகளும் அளிக்கப்படுகின்றன. விருப்பு வாக்குக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே.

திருகோணமலைத் தேர்தல் மாவட்டத்துக்கு நான்கு உறுப்பினர், ஒவ்வொரு பட்டியலிலும் மூவர் கூடுதல், ஆக ஏழு வேட்பாளர். சல்லி வாக்காளர் இடதுகை விரலில் மை பூசிக்கொண்டு அட்டை மறைப்பின் பின்னே குனிந்து நிற்கும்போது, அவர் முன்னுள்ள நீண்ட சீட்டில் கட்சிப் பெயர்களும் சின்னங்களும் இருக்கும். கீழே 1 முதல் 7 வரையான கட்டங்கள். தம் வேட்பாளரின் பெயரை அவர் அங்கே தேடினால் கிடைக்காது. சுவரொட்டியில் படத்துக்கருகே பெரிதாக அச்சிட்டிருந்த இலக்கத்தை அவர் நினைவில் கொண்டுவந்திருக்க வேண்டும். நினைவு தவறியவர் வெற்றிடத்தில் பெயரை எழுதிவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வாக்காளரை அடையாளம் காட்டக்கூடிய எழுத்தோ குறியோ உள்ள சீட்டை நிராகரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பிலிப்பைன்ஸில் வாக்காக இருந்த கையெழுத்து இங்கே வாக்குக்குப் பகை.

இலக்கம் திரிபை ஒழித்துவிட்டது என்று கொள்வது வழக்கம். உண்மையில் அது திரிபைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருக்கிறது. ‘சம்பத்தன்’ என்று எழுதிய சீட்டைப் பார்க்கும் வாக்கெண்ணும் அலுவலருக்குப் பிழையும் தெரியும், பிழைக்குப் பின்னுள்ள ஆளும் தெரியும். கட்சி முகவர் ஆட்சேபிக்கலாம், தெரிவத்தாட்சி அலுவலர் தீர்ப்புச் சொல்லலாம். ஐந்தை நினைத்து ஆறில் புள்ளடி இட்ட சீட்டில் இவை எதற்கும் வழியில்லை. அது ஆறாம் வேட்பாளருக்கு விழுந்த, குறையேதுமற்ற வாக்கு. பெயர்ப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், இலக்கப் பிழை காட்டிக்கொடுக்காது. இலக்க முறையில் ஆட்சேபங்கள் குறைவு என்றால், அது பிழைகள் குறைவு என்பதற்குச் சான்றாகாது.

மூன்றுக்கு மேல் விருப்புக் குறிகள் இருந்தால் விருப்பு வாக்குகள் மட்டும் தள்ளப்படும், கட்சிக்கான வாக்கு நிற்கும். கட்சிக்குக் குறியிடாமல் இலக்கத்தில் மட்டும் குறியிட்டால் எதுவும் நில்லாது. ஏழு கட்டங்களையும் கட்சித் தெரிவையும் ஒரே சீட்டில் வைத்ததன் விளைவு இது.

விருப்பு வாக்கின் வரிசை தேர்தல் நாளோடு முடிவதும் இல்லை. 2020இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் ஓர் ஆசனம் பெற்றது. அதில் அமர்ந்த சம்பந்தன் 2024 ஜூன் 30 அன்று காலமானார். அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்ற சண்முகம் குகதாசன் ஜூலையில் நாடாளுமன்றம் சென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இட்ட புள்ளடிகளே இடைத்தேர்தல் இல்லாமல் இதைத் தீர்மானித்தன. முதலிடத்துக்கு ஐயமே இல்லாத பட்டியலிலும் இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கிடையே நினைவுப் பிழை எவ்வளவு புகுந்தது என்பதை எந்த மீள்எண்ணிக்கையும் சொல்ல முடியாது.

சனாதிபதித் தேர்தலின் சீட்டு வேறு வகை. அங்கே பெயரும் சின்னமும் மும்மொழியில் அச்சாகியிருக்கும், வாக்காளர் எண்களை எழுதுவார்: முதல் விருப்புக்கு 1, அடுத்தவற்றுக்கு 2, 3. ஒருவருக்கு மட்டும் புள்ளடி இட்டிருந்தால் அதுவும் முதல் விருப்பாகவே கொள்ளப்படும். இந்த இரக்கத்தை, சீட்டின் உருவத்தைவிட வாக்காளரின் எண்ணம் பெரிது என்ற அலாஸ்காத் தீர்ப்பின் உறவினர் என்றே சொல்லலாம். 38 பேர் போட்டியிட்ட 2024 செப்டம்பர்த் தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. ஏனைய 36 பேருக்கு விழுந்த சீட்டுகளில் 2உம் 3உம் தேடப்பட்டன. அச்சீட்டுகளில் புள்ளடி மட்டும் இட்டவர்கள் அந்த இரண்டாம் சுற்றில் வாயில்லாதவர் ஆயினர். அவர்களது வாக்கு செல்லும், ஆனால் அதற்குமேல் எதுவும் சொல்லாது.

உள்ளூராட்சித் தேர்தல் இந்தப் போக்கின் கடைசிப் படி. 2018 முதல் வட்டாரத்துக்கும் விகிதாசாரத்துக்கும் ஒரே சீட்டு. அதில் வேட்பாளர் பெயரும் கிடையாது, இலக்கமும் கிடையாது, கட்சி அல்லது சுயேச்சைக் குழுவும் அதன் சின்னமும் மட்டுமே. சல்லியில் எல்லோருக்கும் தெரிந்த, பாதிப் பேர் முறைவைத்து அழைக்கும் ஒருவர் வட்டாரத்தில் நின்றாலும், அவர் பெயர் சீட்டில் எந்த மொழியிலும் எந்தக் கூட்டலிலும் இடம்பெறாது.