கேள்வி செப்பமானால் தமிழ் செப்பமாகும்: கட்டற்ற மென்பொருளின் அமைவுக் கேள்விகளும் அவற்றின் தமிழாக்க வரலாறும்

மென்பொருளை நிறுவும்போது கணினி நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. வட்டை முழுவதும் அழித்து எழுதலாமா, இந்தச் சேவை கணினி தொடங்கும்போதே இயங்க வேண்டுமா என்பவை அத்தகையவை. ஒரு கதையைப் பிழையாக மொழிபெயர்த்தால் வாசகர் முகம் சுளிப்பார். இந்தக் கேள்விகளைப் பிழையாக மொழிபெயர்த்தால் அவருடைய கோப்புகளே அழிந்துபோகும். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் கணக்கைக் கணினியில் எழுதுபவர் ஆங்கிலத்தில் தடுமாறினாலும், திரையில் நிற்கும் கேள்வியின் விளைவைத் தெளிவாக அறிந்தே பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் தெளிவு நல்ல கலைச்சொற்களால் மட்டும் வந்துவிடாது. ஆங்கில மூலவாக்கியத்தை முதலில் செப்பமிட்டு, பிறகு எல்லா மொழிகளுக்கும் ஒரே காலத்தில் அனுப்பும் ஒருங்கிணைப்பாலேயே அது வரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்க் கணிமையின் தொடக்க ஆண்டுகள் எழுத்துச் சிக்கலிலேயே கழிந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் தரப்படுத்த முனைந்தது. தன்னார்வலர்கள் லினக்ஸ் பணிமேடைகளைத் தமிழாக்கத் தொடங்கியபோது திஸ்கி குறியாக்கமே கைகொடுத்தது. ஒருங்குறி பரவிய பின் பணி அதற்கு மாறியது. அடுத்து எழுந்தது சொற்சிக்கல். 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் கலைச்சொற்களைத் தொகுத்து வழங்கியது. மென்பொருளில் அடிக்கடி வரும் சொற்களை ஒருமைப்படுத்த 2008இல் தோன்றிய ஃப்யூல் திட்டம் இந்திய மொழிகளுக்குப் பட்டியல்கள் தந்தது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இப்படிக் கூட்டு முயற்சி நடந்த காலத்தில், வாக்கியம் மட்டும் தனி ஆர்வலரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது.

வாக்கியத்தைக் கூட்டுப் பொறுப்பாக்கிய முன்மாதிரி டெபியன் இயங்குதளத்தில் உருவானது. நிறுவப்படும் மென்பொருள் தொகுப்புகள் கேட்கும் கேள்விகளை ஒரே முறையில் கையாள ஜோயி ஹெஸ் டெப்கான்ஃப் என்னும் கருவியை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் முதன்மை நிலை உண்டு. மிக இன்றியமையாதவை மட்டும் பயனரை எட்டுமாறு அமைக்கலாம். தொடக்கத்தில் மொழிபெயர்ப்புகளும் ஆங்கில மூலம் இருந்த கோப்பிலேயே கிடந்தன. ஆங்கிலம் மாறினால் எந்த மொழி பழையதாகிவிட்டது என்று அறிவது கடினமாக இருந்தது. பிறகு வந்த பிஓ-டெப்கான்ஃப் முறை, குனு கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியில், ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கோப்பு அமைத்துக் கொடுத்தது. மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என முத்திரை பெற்றுப் பயன்பாட்டிலிருந்து விலகும். பயனரின் திரையில் மீண்டும் ஆங்கிலமே தோன்றும். தவறான தமிழைக் காட்டுவதைவிட இது பாதுகாப்பானது. ஆயினும் யாரோ ஒருவர் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால், பல மொழிகளின் உழைப்பு ஒரே நொடியில் மறைந்துபோகும் நிலையும் இதனால் உண்டானது.

2007இல் கிறிஸ்டியன் பெர்ரியே முன்னின்று நடத்திய ஸ்மித் செப்பத் திட்டம் இதற்கு விடையாக வந்தது. ஆங்கிலச் செப்பம் செய்வோர் முதலில் தம் எண்ணத்தை அறிவிப்பார்கள். வரைவை எல்லாருடைய பார்வைக்கும் வைப்பார்கள். கருத்துச் சொல்லக் கடைசி வாய்ப்பு தந்தபின், தொகுப்பின் பொறுப்பாளருக்குத் திருத்தத்தை முறைப்படி அனுப்புவார்கள். அதன் பிறகே மொழிபெயர்ப்பாளர்களுக்கு நாள் குறித்து அழைப்பு போகும். தொகுப்பு வெளிவருவது அனைத்துக்கும் கடைசியில். இந்த வரிசையே திட்டத்தின் உயிர். டெபியனின் எழுத்து நெறிகளும் இதற்குத் துணை நின்றன. கணினி தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 'ஆம் என்று விடையளித்தால்' என்பது போல இடைமுகத்தை ஊகித்து எழுதக் கூடாது, ஏனெனில் அதே கேள்வி வேறொரு திரையில் தேர்வுப்பெட்டியாகத் தோன்றலாம்.

இந்த வரிசையால் தமிழுக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. ஆங்கில வாக்கியங்களில் தொகுப்பின் பெயரோ கோப்பின் பெயரோ பின்னர் நிரம்பும் வெற்றிடங்கள் இருக்கும். தமிழில் அந்தப் பெயரோடு வேற்றுமை உருபு சேர வேண்டும். வரப்போகும் பெயரை அறியாமல் உருபை ஒட்ட முடியாது. அங்கே வரப்போவது எது என்பதை மூலம் தெளிவாகச் சொன்னால் 'என்ற தொகுப்பை', 'என்ற கோப்பில்' என்று எழுதிவிடலாம். ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டி நிரல் வழியே ஒட்டும் பழக்கம், வினைமுற்றை இறுதியில் வைக்கும் தமிழைச் சிதைத்துவிடும். இவ்விரு குறைகளையும் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு வல்லவராயினும் தமிழ்க் கோப்பில் மட்டும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அவற்றைக் களையும் இடம் மூலம்தான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. தமிழர் ஆங்கிலச் சொற்களுக்கே பழகிவிட்டார்கள், தமிழ்க் கேள்வி எதற்கு என்பது ஒன்று. 'பாஸ்வேர்டு' என்ற சொல்லுக்குப் பழகியவர், நிபந்தனைகளும் எதிர்மறைகளும் பின்னிய ஆங்கில வாக்கியத்துக்கும் பழகிவிட்டார் என்று கொள்வது சரியாகாது. கடன்சொல் வாக்கியத்தில் இருக்கட்டும். விளைவைச் சொல்லும் வினை தமிழில் இருக்க வேண்டும். கைவிட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்களுக்கு இத்தனை படிகள் சுமை என்பது இரண்டாவது. ஒரே வாக்கியத்தை மும்முறை மொழிபெயர்ப்பதே அவர்களைச் சலிப்படையச் செய்யும் சுமை. செப்பம் அதைத் தவிர்க்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பது மூன்றாவது, வலுவானதும் கூட. இயந்திரம் நல்ல வரைவு தரும். ஆனால் இருபொருள்படும் மூலத்தில் ஒரு பொருளைத் தயங்காமல் தேர்ந்துவிடும். பொத்தானை அழுத்தினால் என்ன நேரும் என்று பொறுப்பாளரிடம் திரும்பிக் கேட்காது. ஆகவே மூலச் செப்பத்தின் தேவை இயந்திரத்தால் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

டெபியனின் கேள்விகள் டெபியனோடு நிற்பதில்லை. 2004இல் பிறந்த உபுண்டுவும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டவை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் அரசுப் பள்ளி மாணவர் கைகளை எட்டியது. மூலத்தில் செய்யும் ஒரு திருத்தம் இத்தனை பேரைச் சென்றடைகிறது. எனவே தமிழாக்கப் பணியைத் தமிழ்க் கோப்போடு நிறுத்திவிடக் கூடாது. சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரிகள் சார்ந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முதலாகத் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவர்களை ஒன்றுசேர்த்து, மூலவாக்கியச் செப்பத்தில் கருத்துச் சொல்லவும், குறித்த நாளுக்குள் தமிழாக்கி ஒருவர் பணியை மற்றவர் சரிபார்க்கவும் பயிற்றுவிக்க வேண்டும்.