தாது வருஷமும் எங்கள் வரப்புத் தேக்கும்

போன தடவை ஜிஎஸ்டி பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று புகார் வந்தது. அதனால் இந்தத் தடவை மரம். பி.காம் படிக்கிறவனுக்கு மரத்தோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள், சுற்றி வளைத்துக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

2023 மாசியில் எங்கள் வரப்பில் நின்ற நாலு தேக்கை வெட்டினோம். அக்கா கல்யாணச் செலவுக்கு. கள்ளக்குறிச்சிப் பக்கம் வரப்புத் தேக்கு என்றால் பாதி வீடுகளில் இதுதான் கதை, மரம்தான் எங்களுக்கு ஃபிக்சட் டெபாசிட். தாத்தா அதை 1996-ல் நட்டார். மரவாடியில் அடிமரத்தை அறுத்துப் போட்டிருந்தபோது சும்மா இருக்காமல் வளையங்களை எண்ணினேன். 27 வர வேண்டும். 29 வந்தது. மறுபடி எண்ணினேன், 29. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது வருமே ஒரு எரிச்சல், அதே எரிச்சல்.

"மரம் பொய் சொல்லாது தம்பி, உங்க தாத்தாதான் வருஷத்த மறந்திருப்பாரு" என்றார் மரவாடிக்காரர். தாத்தாவிடம் கேட்டால், "நட்டவனுக்குத் தெரியாதாடா?" என்றார். வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஓக் மரத்தில் போய் விழுந்தேன்.

ஓக் நம்மூர் மரம் இல்லை. இமயமலையில் உண்டு, தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாகக் கிடையாது. ஆனால் மர வளையத்தை வைத்து வறட்சி வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஐரோப்பாவில் ஓக்தான் பெரிய பேரேடு. வசந்தம் வந்ததும் இலை விரியும் முன்பே அது பெரிய பெரிய நீர்க்குழாய்களை உடம்பில் போட்டுக்கொள்ளும். வெறும் கண்ணுக்கே ஊசித்துளை மாதிரித் தெரியும். பிறகு கோடையில் கெட்டியான கட்டையை வளர்க்கும். மழை பொய்த்தால் இந்தக் கோடைப் பகுதி சுருங்கி வளையம் ஒல்லியாகும். ரொம்ப வறண்டால் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். போர்வெல்லில் காற்று வாங்கினால் மோட்டார் எப்படித் தண்ணீர் இழுக்காதோ அப்படி. இலை, கிளை என்று மேலிருந்து காய்ந்துகொண்டு வரும்.

தேக்கும் இதே ஜாதிதான். மழை தொடங்கியதும் பெரிய குழாய், பிறகு கெட்டிக் கட்டை, கோடையில் இலையை எல்லாம் கொட்டிவிட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு சும்மா நிற்பது. வெப்ப நாடுகளில் இப்படி வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாகப் போடும் மரங்கள் குறைவு. தேக்கு அந்தக் கொஞ்சத்தில் ஒன்று.

வெள்ளைக்காரர்கள் தேக்கை 'இந்திய ஓக்' என்றே அழைத்தார்கள். அழைத்ததோடு விடவில்லை. நெப்போலியன் சண்டையில் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் நல்ல ஓக் தட்டுப்பாடாகிவிட, போர்க்கப்பல்களைப் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டினார்கள். வாடியா குடும்பத்தார் கட்டி 1817-ல் நீரில் இறக்கிய ஒரு கப்பலின் பெயர் ட்ரிங்கோமாலி, அதாவது நம் திருகோணமலை. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. மலபாரில் காடு காலியாகிக்கொண்டே வர, 1840-களில் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்கு நடச் சொன்னார். நட்டு வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன். அடுத்து ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடவும் கட்டை, இன்ஜினில் எரிக்கவும் கட்டை. 1856-ல் மதராஸ் ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக ஹ்யூ க்ளெக்கார்ன் வந்தார் (மதராஸிலேயே பிறந்தவர்). மரம் போனால் மழையும் போகும் என்ற பயம் அந்தக் காலத்து அதிகாரிகள் பலருக்கு இருந்தது. பயம் இருந்தது, வெட்டும் நடந்தது.

இருபதே வருஷம். தாது வருஷம் வந்தது.

எங்கள் பாட்டி சோற்றை வீணாக்கினால் "தாது வருசத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பார். பாட்டியும் அதைப் பார்த்ததில்லை, பாட்டியின் பாட்டி காலத்துப் பேச்சு. 1876-ல் மழை பொய்த்தது. 1877-லும் பொய்த்தது. பசிபிக் கடலில் அப்போது மிகப் பெரிய எல் நினோ ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பது இன்று தெரியும், அன்று யாருக்கும் தெரியாது. அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. கல்வராயன் மலையின் ஒரு பக்கம் நம்மோடு, மேற்குப் பக்கம் சேலம் ஜில்லாவோடு. அந்தச் சேலம் ஜில்லாதான் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. 1871 சென்செஸில் அங்கே சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். ஐந்து பேரில் ஒருவர் கணக்கில் இல்லை. எல்லோரும் செத்துவிடவில்லை, இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் போனவர்கள் உண்டு, பிறக்காமல் போன குழந்தைகளும் உண்டு. ஆனால் பெரும்பகுதி சாவுதான். இந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான், 1877 ஜனவரி 1 அன்று, வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். பஞ்சச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று டெம்பிள் கூலி வைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். இதைத் தின்றுவிட்டு ஒருவன் வேலையும் செய்து உயிரோடும் இருக்க முடியாது என்று மதராஸின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதம் கழித்துக் கூலியை ஏற்றினார்கள். அதற்குள் போன உயிர் போனதுதான்.

இப்போது மரத்துக்கு வருவோம். 2010-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த போர்கோங்கர் குழுவினருடையது. கேரளத் தேக்குகளின் வளையங்களைக் கோர்த்து 1481 முதல் 2003 வரை 523 வருஷத்துக்குக் கணக்கு எழுதினார்கள். எல் நினோவால் மழை குறைந்த வருஷங்களில் வளையம் ஒல்லியாவது அதில் தெரிந்தது. இன்னொன்று எட்வர்ட் குக் குழுவினர் ஆசியா முழுக்க 300-க்கும் மேற்பட்ட மர வளைய வரிசைகளை வைத்துப் போட்ட வறட்சி வரைபடம். பெரிய வறட்சிகள் என்று அவர்கள் நான்கை எடுத்துக் காட்டினார்கள்: 1638-41, 1756-68, 1790-96, நான்காவது 1876-78. ஆக, தாது வருஷம் மரங்களின் ஏட்டிலும் பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. மர வளையம் என்பது சிங்கிள் என்ட்ரி. தண்ணீர் வரவு மட்டும்தான் அதில் இருக்கும். சாவு அதில் இருக்காது. 450 கிராம் கூலியும், அந்த வருஷங்களிலும் நிற்காமல் இங்கிலாந்துக்குப் போன தானியக் கப்பலும் எந்த மரத்திலும் கிடையாது. அதற்கு சென்செஸ் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், மழை பொய்த்ததற்கு வானம் பொறுப்பு, ஐந்தில் ஒருவர் காணாமல் போனதற்கு வானம் மட்டும் பொறுப்பில்லை என்று தெரிகிறது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அரசு அறிவித்தது. எங்கள் கிணறு வற்றியது, பம்ப் செட் சும்மா கிடந்தது, தென்னை பட்டுப்போனது. ஆனால் ஊர் சாகவில்லை. ரேஷன் கடையில் அரிசி இருந்தது.

இதை வைத்து "இனிமேல் பயமில்லை" என்று எழுத ஆசைதான். ஓக் அதைக் கெடுத்துவிட்டது. 2021-ல் உல்ஃப் ப்யூன்ட்கன் குழுவினர் செக் நாட்டிலும் பவேரியாவிலும் 147 ஓக் மரங்களின் கட்டைகளை எடுத்து (பழைய கட்டடத்து உத்தரம் முதல் உயிரோடு நிற்கும் மரம் வரை) 2,110 வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள். 2015-லிருந்து நடந்த தொடர் கோடை வறட்சி மாதிரி அந்த இரண்டாயிரம் வருஷத்தில் இல்லை என்று வந்தது. காரணம் மழை மட்டுமில்லை, காற்றின் சூடும்தான். ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். சித்திரை வெயிலில் துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, அதே வேலையைக் காற்று இலையிடமும் காட்டும். மரம் இலைத்துளையை மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் சாப்பாடு இல்லை. திறந்து வைத்தால் சாப்பாடு உண்டு, குழாயில் குமிழி விழும். வரவு அதே மழைதான், செலவு மட்டும் ஏறுகிறது. மளிகைக் கடை வைத்திருக்கும் எந்த அண்ணாச்சிக்கும் இது புரியும்.

நம் கல்வராயன் மலையில் இப்படி ஓர் ஏடு எடுக்கலாமா என்று யோசித்தேன். வெள்ளிமலைக்கு பஸ் ஏறும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பெரிய மரம் தேடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது, பிறகு அரசு எடுத்தது. எந்தக் காலத்தில் எவ்வளவு மரம் இறங்கியது என்று என்னால் சொல்ல முடியாது, சந்தனம் திருட்டில் போன கதை மட்டும் ஊரே அறியும். தாது வருஷத்தைப் பார்த்த மரம் ஒன்றையாவது மலையாளிச் சனங்கள் கோயில் காட்டில் விட்டு வைத்திருக்கலாம். அதைக் கேட்டு வைக்க வேண்டும்.

சரி, அந்த 29? தேக்குக்குப் பொய் வளையம் என்று ஒன்று உண்டாம். மழை வந்து, நடுவில் நின்று போய், மறுபடி வந்தால் மரம் புதுவருஷம் என்று ஏமாந்து இன்னொரு வளையம் போட்டுவிடும். நமக்குத் தென்மேற்கும் கொஞ்சம், வடகிழக்கும் கொஞ்சம், நடுவில் காய்ச்சலும் உண்டு. அதனால்தான் ஒரே மரத்தை நம்பாமல் பல மரங்களை ஒப்பிட்டுத் தேதி போடுகிறார்கள். நம்ம பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்தான், வேறொன்றுமில்லை. மற்ற மூன்று மரத்தையும் எண்ணியிருந்தால் பிடித்திருப்பேன், அதற்குள் அறுத்துப் பலகையாக்கிவிட்டார்கள். மரவாடிக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்த ஒரே ஒரு வட்டத்துண்டு மட்டும் இருக்கிறது. 2016 வர வேண்டிய இடத்தில் மூன்று கோடு ரொம்ப நெருக்கமாக இருக்கிறது, அதில் எது நிஜம் எது பொய் என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. அம்மா அதன் மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் சமையல் முடிந்த பிறகுதான்.